வீட்டிலிருந்தே புது வேலையில் சேருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசியிலோ ஈரோட்டிலோ சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே பெங்களூரு கம்பெனியிலும் அமெரிக்க கம்பெனியிலும் சேருகிறவர்கள் இப்போது நிறைய. சேர்ந்த முதல் வாரத்தில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்வார். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீமை நடத்துகிறவன் என்பதால், புதிதாகச் சேருகிறவர்கள் மறுமுனையில் எப்படித் தெரிகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

லேப்டாப் கூரியரில் வருமாம். அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?

காகித வேலையை முடியுங்கள். பான், ஆதார், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பிஎஃப்புக்கான 12 இலக்க யுஏஎன் எண் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து, கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்து, ஹெச்ஆர் கேட்ட அன்றே அனுப்பிவிடுங்கள். உங்களைப் பற்றி அந்தக் கம்பெனிக்குள் முதலில் பேசப்போவது ஹெச்ஆர்தான், "நாலு தடவை மெயில் போட்டேன், இன்னும் வரலை" என்று அவர் உங்கள் மேனேஜரிடம் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் பிஎஃப் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இப்போதே பாருங்கள். நம் ஊர் இனிஷியல் தகராறு பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கும்.

பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். சீரியல் நம்பர் மெயிலில் வந்ததோடு ஒத்துப்போகிறதா, சார்ஜர் இருக்கிறதா என்று பார்த்து, கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம், வேலையை விடும்போது அதிலேயே வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஐடி ஹெல்ப் டெஸ்க் எண்ணை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பே திறக்காத நாளில் லேப்டாப்புக்குள் இருக்கும் எண்ணை வைத்து என்ன செய்வது?

முதல் நாள் என்ன டிரெஸ் போடணும்? கேமரா ஆன் பண்ணியே ஆகணுமா?

காலர் வைத்த சட்டையோ சாதாரண குர்த்தியோ போதும், டை எல்லாம் கட்டினால் நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள். கேமராவை முதல் இரண்டு மூன்று வாரம் ஆன் செய்துவிடுங்கள், மற்றவர்கள் அணைத்து வைத்திருந்தாலும்கூட. உங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை, பெயரோடு ஒரு முகம் சேர்ந்துவிட்டால் அப்புறம் அணைத்துக்கொண்டால்கூட யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் முகம் கறுப்பாக நிழல்போலத் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பின்னால் துணிக்கொடி இருந்தால் பின்புலத்தை மங்கலாக்கும் வசதி எல்லா மீட்டிங் செயலியிலும் இருக்கிறது.

எங்க வீட்ல தனி ரூம் கிடையாது. குக்கர் விசில், அப்பாவோட டிவி, கீழே காய்கறி வண்டி மைக். மானம் போகுமே?

போகாது. எல்லார் வீட்டிலும் குக்கர் இருக்கிறது. நீங்கள் பேசி முடித்த பிறகும் மைக் திறந்தே கிடந்து, வீட்டில் நடக்கும் பேச்சு முழுக்க இருபது பேர் காதில் விழுவதுதான் சங்கடம். மியூட் செய்யும் விசையைக் கைக்குப் பழக்குங்கள்: விண்டோஸில் கூகுள் மீட்டுக்குக் கன்ட்ரோல் டி, டீம்ஸுக்குக் கன்ட்ரோல் ஷிஃப்ட் எம், ஜூமுக்கு ஆல்ட் ஏ. லேப்டாப் மைக்கை நம்பாமல், வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற ஹெட்செட் ஒன்று வாங்குங்கள். வீட்டு வேலைக்கென்று செலவு செய்வதில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும், நாற்காலி இரண்டாவது.

வீட்டாருக்கு "வேலையா இருக்கேன்" என்றால் புரியாது, ஏனென்றால் நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறீர்கள். "பத்தரையிலிருந்து பதினொண்ணு வரை பேசுவேன், அப்போ மட்டும் மிக்ஸி வேண்டாம்மா" என்று நேரத்தோடு சொன்னால் கேட்பார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டியவர்களைத் தெரியும், நன்றாகவே வேலை செய்கிறதாம்.

கரண்ட் போனா என்ன பண்றது? புதுசா சேர்ந்துட்டு கரண்ட் இல்லைன்னா நம்புவாங்களா?

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது, எந்தெந்தப் பகுதி, காலை 9 மணியிலிருந்து எதுவரை என்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும். தெரிந்த மின்தடையை முந்தைய நாளே குழுவில் எழுதிவிட்டு, அன்றைக்கு எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் அது ஏற்பாடு, நடந்த பிறகு சொன்னால் அதுவே சாக்காகத்தான் கேட்கும்.

திடீரென்று போகிற கரண்டுக்கு: லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், அணைவது ரவுட்டர்தான். ரவுட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, உங்கள் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட். ஃபைபர் இணைப்பு வேறு, போனில் இருக்கும் சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும், இரண்டும் ஒன்றாகப் படுத்துக்கொள்வது அப்போது குறையும். போனிலிருந்து "கரண்ட் போயிடுச்சு, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறேன், பத்து நிமிஷம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். புதியவர் ஒருவர் மீட்டிங்கின் நடுவில் மறைந்துபோய் அரைமணி நேரம் சத்தமே இல்லாமல் இருந்தால் மறுமுனையில் இருப்பவர் என்னவெல்லாம் நினைப்பார் என்று அவர் இடத்தில் இருந்து பாருங்கள்.

மேனேஜரை சார்னு கூப்பிடலாமா, பேர் சொல்லியா?

மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. பெங்களூரு ஸ்டார்ட்அப்பிலும் அமெரிக்க கம்பெனியிலும் பெயர்தான், அங்கே சார் என்றால் அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். நம் ஊர்ப் பழைய நிறுவனங்களில், குறிப்பாகக் குடும்பம் நடத்தும் கம்பெனிகளில், இன்னும் சார், மேடம்தான். முதல் நாள் மீட்டிங்கில் கொஞ்சம் காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

என் பேரைச் சொல்லாம எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. எப்படித் திருத்தறது?

இந்தக் கேள்வி வேறு மாநிலத்தில் யாருக்கும் இவ்வளவு வராது என்று நினைக்கிறேன். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். பாஸ்போர்ட்டிலோ விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் கேட்டிருப்பார்கள், இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதியிருப்போம், எந்தக் கட்டத்தில் எது போனதோ, கடைசியில் மின்னஞ்சல் முகவரி "முருகேசன்" என்று உருவாகி, ஊரில் இருக்கும் அப்பாவை நாள் முழுக்க யாரோ அழைத்துக்கொண்டே இருப்பார்கள். மகள் சேர்ந்திருக்கும் இடத்தில் "மிஸ்டர் முருகேசன்" என்று மெயில் வந்த கதையெல்லாம் உண்டு.

முதல் வாரத்திலேயே திருத்துங்கள். ஸ்லாக், டீம்ஸ் போன்ற அலுவலகச் செய்திச் செயலிகளில் திரையில் தெரியும் பெயரை மாற்ற முடியும். உங்களால் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தால் ஐடியிடம் கேளுங்கள். சேருவதற்கு முன்பே ஹெச்ஆரிடம் "என்னை அழைக்க வேண்டிய பெயர் இது" என்று எழுதிவிட்டால் மின்னஞ்சல் முகவரியே சரியாக வரும். மீட்டிங்கில் யாராவது தப்பாக அழைத்தால் அந்த நிமிஷமே சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு அப்புறம் சொன்னால், இவ்வளவு நாள் தப்பாகக் கூப்பிட்டோமே என்று அவர்கள்தான் நெளிவார்கள்.

தினமும் காலையில ஸ்டாண்டப் மீட்டிங். முதல் வாரம் நான் ஒண்ணுமே முடிக்கலை, என்ன சொல்றது?

ஸ்டாண்டப் என்பது டீமில் ஒவ்வொருவரும் நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் சுருக்கமாகச் சொல்லும் மீட்டிங். முதல் வாரம் நீங்கள் எதையும் முடிப்பீர்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஆன்போர்டிங் போய்க்கிட்டிருக்கு" என்று மட்டும் தினமும் சொன்னால்தான் இடிக்கும். "நேற்று பில்லிங் ஆவணத்தைப் படித்தேன், ரீஃபண்ட் எங்கே கணக்காகிறது என்று புரியவில்லை, இன்று அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு டெஸ்ட் சர்வரை என் மெஷினில் ஓட வைக்கப் பார்க்கிறேன், டேட்டாபேஸ் அனுமதிக்குக் காத்திருக்கிறேன்." இருபது நொடி ஆகாது. என்ன படித்தீர்கள், எங்கே நிற்கிறீர்கள், யாரால் நிற்கிறீர்கள் மூன்றும் வந்துவிட்டது. அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டியவர் அதே மீட்டிங்கில் இருப்பார், பாதி நேரம் அங்கேயே காரியம் முடிந்துவிடும்.

சந்தேகம் கேட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாதவன்னு நினைப்பாங்களோ?

அதிகம் வரும் கேள்வி இதுதான், இதில்தான் பலர் சறுக்குவதும். ஆபீசில் பக்கத்து சீட்காரருக்கு நீங்கள் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும், டீ குடிக்கப் போகிற வழியில் "என்னப்பா மாட்டிக்கிட்டியா" என்று கேட்பார். வீட்டில் அந்த முறைப்பு சுவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது உங்களுக்கு உழைப்பு, அவர்கள் கணக்கில் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. கம்பெனிக்குள் எங்கே எது இருக்கிறது, ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் போன்ற விஷயங்களை நீங்களாகக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, அதை உடனே கேளுங்கள். கூகுளில் தேடினால் கிடைக்கக்கூடியது என்றால் அரைமணி, முக்கால் மணி முயன்றுவிட்டுக் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பெயர் கெடுவதும் எடுப்பதும். "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பதிலுக்கு "ஹாய்" சொல்லும் வரை காத்திருப்பது நம் மரியாதை, ஆனால் வேலை நேரத்தில் அது இரண்டு பேருக்கும் இம்சை. இப்படி ஒரே செய்தியில் எழுதிப் பாருங்கள்: "வணக்கம். மாதாந்திர ரிப்போர்ட் நேற்று வரை ஓடியது, இன்று காலையிலிருந்து பெர்மிஷன் டினைடு என்று வருகிறது, ஸ்கிரீன்ஷாட் கீழே. விபிஎன்னைத் துண்டித்து மறுபடி சேர்த்துப் பார்த்தேன், மாற்றமில்லை. இந்த ஃபோல்டருக்கு எனக்கு அனுமதி இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும்? மதியம் வரை வேறு டிக்கெட்டைப் பார்க்கிறேன்." இதைப் பெறுபவர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் ஒரு வரி பதில் போட்டுவிடலாம். கடைசி வாக்கியம் இருப்பதால் அவசரமா இல்லையா என்பதும் தெரிகிறது. (விபிஎன் என்றால் வீட்டிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு, டிக்கெட் என்றால் டீமின் பட்டியலில் பதிவான ஒரு வேலை.)

தனிச் செய்தியில் ஒருவரையே குடைவதைவிடப் பொதுச் சேனலில், அதாவது டீம் முழுக்கப் பார்க்கும் செய்திக் குழுவில், கேட்பது நல்லது, யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் பதில் சொல்வார், அடுத்துச் சேருகிறவர் தேடும்போதும் கிடைக்கும். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதுதான் உண்மையில் கெட்ட பெயர். கிடைத்த பதிலையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், புதியவர்களுக்கான வழிகாட்டி ஆவணத்தில் தப்பாகவோ பழசாகவோ இருந்த வரியை நீங்களே திருத்துங்கள். புதுக் கண்ணோடு அதைப் படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், பழைய ஆட்கள் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை.

என் இங்கிலீஷ் சுமார்தான். கால்ல பாதி புரியலை, சரி சரின்னு சொல்லிட்டேன். இப்போ என்ன?

இப்போதே எழுதிக் கேளுங்கள். "பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, தப்பிருந்தால் திருத்துங்கள்" என்று மூன்று நான்கு வரி. புரியாததை மறைக்க நீங்கள் எழுதிய இந்தக் குறிப்பு, புரிந்தவர்களுக்கும் உதவும் மீட்டிங் குறிப்பாகிவிடும் என்பது வேடிக்கை. வாரத்துக்கு ஒன்று இப்படி எழுதினால் "நல்லா ஃபாலோ பண்றார்" என்ற பேச்சு தானாக வரும்.

கூகுள் மீட்டும் டீம்ஸும் பேசுவதை எழுத்தாகத் திரையில் காட்டும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அமெரிக்க உச்சரிப்பு பிடிபடும் வரையாவது. இலக்கணம் தப்பினால் யாரும் கவலைப்படப் போவதில்லை. தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்து கொடுத்தால்தான் கவலைப்படுவார்கள்.

டீம் முழுக்க அமெரிக்கால இருக்கு. நடுராத்திரி வரை ஆன்லைன்ல இருந்தா நல்ல இம்ப்ரெஷன் வருமா?

ஒரு மாதம் வரும். அப்புறம் நீங்கள் நடுராத்திரியிலும் கிடைக்கிற ஆள் என்று ஆகிவிடும், அதைத் திருப்புவது ரொம்பக் கஷ்டம். இரு தரப்புக்கும் பொதுவான இரண்டு மூன்று மணி நேரத்தைப் பேசி முடிவு செய்து காலண்டரில் போட்டு, அந்த நேரத்தில் கண்டிப்பாக இருங்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நமக்கு இரவு ஏழு மணிக்கு இருந்த மீட்டிங் நவம்பரில் எட்டு மணிக்குப் போய்விடும். லண்டன் என்றால் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்.

விழித்திருப்பதைவிடப் பலன் தருவது, படுக்கப் போகும் முன் எழுதும் குறிப்பு. எது முடிந்தது, எது நிற்கிறது, அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும். சந்தேகத்தை மேலே சொன்ன மாதிரி முழுசாகக் கேட்டீர்கள் என்றால் நீங்கள் தூங்கும்போது பதில் வந்திருக்கும். அரைகுறையாகக் கேட்டால் காலையில் எழுந்து பார்க்கும்போது "எந்த ரிப்போர்ட்?" என்று ஒரு எதிர்க்கேள்விதான் இருக்கும், ஒரு நாள் போச்சு.

சாப்பிடப் போனா டீம்ஸ்ல மஞ்சள் ஆயிடுது. மவுஸை ஆட்டுற கருவி ஒண்ணு வாங்கலாமா?

வேண்டாம். மஞ்சள் என்றால் நீங்கள் கொஞ்ச நேரமாகக் கணினியைத் தொடவில்லை என்று மட்டும்தான். கம்பெனி லேப்டாப்பில் எதைச் செருகினாலும், எதை நிறுவினாலும் அவர்களால் பார்க்க முடியும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோலப் போலியாகக் காட்டியதாகச் சொல்லிப் பத்துப் பேருக்கும் மேல் வீட்டுக்கு அனுப்பியது செய்தியானது. "சாப்பிடப் போகிறேன், இரண்டு மணிக்கு வருவேன்" என்று ஸ்டேட்டஸில் எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள். ஒழுங்காக எழுதியும் மஞ்சளை வைத்துக் கேள்வி கேட்கும் மேனேஜர் என்றால், அது அந்த இடத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

டீம்ல யாரையும் நேர்ல பார்த்ததில்லை. எப்படிப் பழகறது?

மேனேஜரிடம் "முதல் மாதத்தில் நான் யார் யாரோடு பேசியாக வேண்டும்" என்று பெயர்ப் பட்டியல் கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் கேட்டு வாங்கி, அவர்கள் என்ன செய்கிறார்கள், உங்கள் வேலை அவர்களை எங்கே தொடுகிறது என்று கேட்டால் போதும். கல்யாணம், சம்பளம், சொந்த ஊரில் எந்தத் தெரு என்பதெல்லாம் முதல் பேச்சில் வேண்டாம். பொங்கலுக்குக் கோலம் போட்ட படத்தைப் பொதுச் சேனலில் போடுங்கள், பேச்சு தானாக வளரும். இயல்பாகவே அமைதியான ஆள் என்றால் வலிந்து கலகலப்பாக இருக்க வேண்டியதில்லை. கேட்டதற்குப் பதில் போடுகிற, உதவியவர் பெயரைச் சேனலில் சொல்லி நன்றி சொல்கிற ஆளை எல்லாருக்கும் பிடிக்கும்.

தப்பு பண்ணிட்டேன். யாருக்கும் தெரியாது. நானே சரி பண்ணிட்டுச் சொல்லாம விட்டுடலாமா?

சொல்லிவிடுங்கள், அதுவும் உடனே. எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தேன், யார் உதவி தேவை என்று நாலு வரி. யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி தானாக எழுதிவைக்கும் லாகில் எப்படியும் உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் சொல்வதற்கு முன் அவர்கள் பார்த்தால் அது வேறு கதை.

பழைய கம்பெனிக்காரங்க பகுதி நேரமா கொஞ்ச நாள் பண்ணித் தரச் சொல்றாங்க. வீட்டிலிருந்துதானே, யாருக்குத் தெரியும்?

பிஎஃப் கணக்குக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் பிஎஃப் பிடித்தால் ஒரே யுஏஎன்னில் ஒரே மாதத்துக்கு இரண்டு வரவு விழும். 2022 செப்டம்பரில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை அனுப்பியதாக வெளிப்படையாகவே சொன்னார். உங்கள் ஆஃபர் லெட்டரில் வேறு வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், எழுத்தில் அனுமதி கிடைத்தால் செய்யுங்கள். பழைய இடத்தில் சந்தேகம் கேட்டுப் போன் வந்தால் பதில் சொல்வது வேறு விஷயம், அது மனிதத்தன்மை. இன்னொன்று, ஏப்ரலுக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வேலை மாறியிருந்தால் பழைய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனியிடம் கொடுங்கள், இல்லையென்றால் வரியைக் குறைவாகப் பிடித்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.

சேர்ந்து ரெண்டு வாரம் ஆச்சு, யாரும் வேலையே தரலை. மேனேஜர் பதிலும் போடறதில்லை.

ரிமோட்டில் சகஜம். அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, கண்ணில் படாததால் மறந்துவிடுகிறார், அவ்வளவுதான். "ஏதாவது வேலை இருக்கா" என்று கேட்டால் அவர் யோசிக்க வேண்டும், யோசிக்க நேரமில்லாததால்தான் பதில் வரவில்லை. நிலுவையில் இருக்கும் டிக்கெட்டுகளில் சின்னதாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, "இவற்றில் முதலாவதை நாளை எடுத்துக்கொள்கிறேன், வேண்டாமென்றால் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பொதுச் சேனலில் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். வாரம் ஒரு முறை அரைமணி நேரத் தனிப்பேச்சை நீங்களே காலண்டரில் போட்டு அழையுங்கள். புதியவர் அழைப்பதா என்று தயங்க வேண்டாம், பெரும்பாலான மேனேஜர்கள் அப்பாடா என்றுதான் ஏற்றுக்கொள்வார்கள்.

ப்ரோபேஷன் முடியப் போகுது. நல்லா பண்றேனா இல்லையான்னே தெரியலை. எப்படிக் கேட்கிறது?

"நான் எப்படிப் பண்றேன்" என்று கேட்டால் "நல்லா பண்றீங்க" என்பார், அதில் ஒன்றும் இருக்காது. "அடுத்த மாதம் நான் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் எது?" என்று கேளுங்கள், ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் விளக்கம் கொடுக்கத் தொடங்காமல் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தனிப்பேச்சில் அதில் என்ன செய்தீர்கள் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

ப்ரோபேஷன் (சோதனைக் காலம்) முடிவைப் பற்றிக் கேட்பதைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டால்தான் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். போகும்போது கையில் ஒரு பக்கம் இருக்கட்டும், சேர்ந்ததிலிருந்து முடித்த வேலைகள், அந்தந்த டிக்கெட்டின் லிங்கோடு. ஸ்டாண்டப்பில் தினமும் சொன்னதை எழுதி வைத்திருந்தால் இந்தப் பக்கம் பாதி தயாராகவே இருக்கும். நியமனம் உறுதியானால் கடிதத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், வேலையை விட்ட பிறகு கம்பெனி மின்னஞ்சல் திறக்காது.